பெரியப்பாவின் ஸ்லைடுகள்: வீட்டிலேயே ஸ்கேன் செய்வதா, வெளியே கொடுப்பதா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டின் மர அலமாரியில், புரொஜெக்டரில் போட்டுப் பார்க்கும் ஃபிலிம் ஸ்லைடுகள் ஆயிரத்துக்கு மேல் கிடந்தன. எடுத்தவர் என் பெரியப்பா. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். 1960களின் கடைசியில் இருந்து 80களின் நடுப்பகுதி வரை அவர் எடுத்தவை. பாதிக்கு மேல் செடிகொடிகள், வகுப்பில் புரொஜெக்டரில் காட்டுவதற்காக எடுத்தது. மீதியில் கடலும் ஊரும் குடும்பமும். அவர் காலமான பிறகு வீட்டை இடித்துக் கட்டும் பேச்சு வந்தபோது இந்தப் பெட்டிகளை என்ன செய்வது என்ற கேள்வியும் வந்தது. குடும்பத்தில் ஒரு பக்கம் "மொத்தத்தையும் சென்னையில் ஏதாவது கம்பெனிக்கு அனுப்பிவிடு" என்றார்கள். இன்னொரு பக்கம் "கேமரா இருக்கிறதே, நாமே எடுத்துவிடலாம்" என்றார்கள். இரண்டையும் செய்து பார்த்தோம். அந்த அனுபவத்தை இங்கே முழுதாக எழுதுகிறேன். இந்த மாவட்டத்தில் இதே மாதிரி பெட்டி இருக்கும் வீடுகள் நிறைய உண்டு. ஆசிரியர்கள், பாதிரியார்கள், டாக்டர்கள், வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் என்று அந்தக் காலத்தில் ஸ்லைடு எடுத்தவர்கள் இங்கே குறைவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்லைடுக்கு நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிம்தான் கழுவி, வெட்டி, 5 சென்டிமீட்டர் சதுர அட்டையிலோ பிளாஸ்டிக் சட்டத்திலோ பொருத்தப்பட்டிருக்கிறது. பிரிண்ட் கெட்டுப்போனால் நெகட்டிவைத் தேடலாம். ஸ்லைடு போனால் படமே போயிற்று. தபாலில் அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது இது மனதில் இருக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்தபோது

எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் கடல் காற்று. ஈரம் முழுதாக விலகும் மாதங்கள் குறைவு. ஃபிலிமில் படத்தைத் தாங்கி நிற்பது ஜெலட்டின், அதாவது மிருகத்தின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கிற புரதம். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூசணத்துக்கு அது நல்ல சாப்பாடு. எதிர்பார்த்தபடியே கீழ்த்தட்டில் இருந்த பெட்டிகளில் சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழைகள் ஓடியிருந்தன. மேல்தட்டில் இருந்தவை பெரும்பாலும் தப்பித்திருந்தன. அலமாரி வெளிச்சுவரை ஒட்டி நின்றதும் காரணம். மழைக்காலத்தில் அந்தச் சுவர் கசியும்.

கண்ணாடிச் சட்டத்துக்குள் இரண்டு பக்கமும் மூடிப் பொருத்திய ஸ்லைடுகள்தான் அதிகம் கெட்டிருந்தன. தூசியில் இருந்து காப்பாற்ற என்று போட்ட கண்ணாடி இங்கே ஈரத்தை உள்ளே சிறைவைத்துவிட்டது. சாதாரண அட்டைச் சட்டத்தில் திறந்து கிடந்தவை அவற்றைவிட நன்றாக இருந்தன.

பூசணம் பிடித்ததைத் தனியாகப் பிரித்து வேறு டப்பாவில் வைத்தோம். திண்ணையில், முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்த வேலை. வெயிலில் காயவைக்கக் கூடாது. அதைப் பெரியம்மாவே முதலில் சொன்னார்: "மக்களே, ஒங்க பெரியப்பா இத ஒருநாளும் வெயில்ல காட்டமாட்டாரு, கேட்டியா. நெறம் போயிரும்பாரு." சாய வண்ணத்தை வெளிச்சம் வெளுக்க வைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. காற்றுப்புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு சில நாள் வைத்தால் போதும், இழைகள் உலர்ந்து வளர்ச்சி நின்றுவிடும்.

தண்ணீரை மட்டும் தொடவே கூடாது. பூசணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும். ஈரத்துணியால் துடைத்தால் படமே துணியோடு வந்துவிடும். சுத்தமான ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அதுவும் 99 சதவீதம், பஞ்சில் தொட்டு மெல்ல ஒற்றி எடுத்தோம். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதச் சரக்கில் மீதி தண்ணீர் என்பதால் அது ஆகாது. இப்படிச் செய்வதால் பூசணம் அரித்த இடம் திரும்ப வராது. மேலே நிற்கும் இழை போகும், பரவுவது நிற்கும், அவ்வளவுதான்.

எந்த ஃபிலிம் என்று பார்ப்பது

இதைச் செய்யாமல் வீடா வெளியிடமா என்று முடிவெடுக்க முடியாது. சட்டத்தின் மேலேயே பெரும்பாலும் பெயர் அச்சடித்திருக்கும். எங்கள் பெட்டிகளில் மூன்று வகை இருந்தன.

வெளிநாட்டு உறவினர்கள் வாங்கி வந்த கோடாக்குரோம் கொஞ்சம். 1935-இல் வந்து 2009-இல் நிறுத்தப்பட்ட ஃபிலிம் அது. அதில் வண்ணச் சாயம் ஃபிலிமுக்குள் இருக்காது, கழுவும்போதுதான் ஏற்றப்படும். அதனால் இருட்டில் வைத்திருந்தால் நிறம் அபாரமாக நிற்கும். பெரியப்பா 1960களின் கடைசியில் எடுத்த கோடாக்குரோம் படங்களில் சிவப்புச் சேலை இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. புரொஜெக்டரில் அதிகம் ஓட்டியவை மட்டும் வெளிறியிருந்தன. விளக்கு வெளிச்சத்தை அந்த ஃபிலிம் தாங்காது.

இரண்டாவது எக்டாகுரோம். பழைய எக்டாகுரோமில் நீலப்பச்சைச் சாயம் முதலில் போய்விடும், படம் முழுக்கச் செம்மை ஏறும். மூன்றாவதும் அதிகமும் ஓர்வோ. கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபன் ஆலையில் செய்தது. அன்றைக்கு இந்தியாவில் கைக்கெட்டிய விலையில் கிடைத்த வண்ண ஃபிலிம்களில் முக்கியமானது. பெரியப்பாவின் சம்பளத்துக்கு அதுதான் கட்டுப்படியானது. எங்கள் பெட்டியில் இருந்த ஓர்வோவில் பெரும்பகுதி நிறம் மாறியிருந்தது.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்றால், நல்ல ஸ்கேனர்களில் தூசியையும் கீறலையும் தானாகவே நீக்கும் ஒரு வசதி உண்டு. டிஜிட்டல் ஐஸ் என்பார்கள். அகச்சிவப்புக் கதிரால் ஒருமுறை தனியாகப் படிக்கும். சாயம் அந்தக் கதிரை விட்டுவிடும், தூசி மறிக்கும். எங்கே மறிக்கிறதோ அங்கே தூசி என்று கண்டுகொண்டு அந்த இடத்தைப் பக்கத்து நிறத்தால் நிரப்பும். எக்டாகுரோமில் மிக அருமையாக வேலை செய்யும். கோடாக்குரோமின் சாயம் அகச்சிவப்பையும் ஓரளவு மறிப்பதால் அங்கே படத்தையே தூசி என்று நினைத்து அரித்துவிடும். கறுப்புவெள்ளையில் வெள்ளித் துகளே படம் என்பதால் சுத்தமாக ஆகாது.

ஒரே படங்கள், மூன்று வழி

மூன்று வகையில் இருந்தும் கொஞ்சம் எடுத்து, அதே ஸ்லைடுகளை மூன்று இடத்திலும் கொடுத்துப் பார்த்தோம்.

நாகர்கோவிலில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தது முதலாவது. கல்யாண ஆல்பம் வேலைதான் அங்கே பிரதானம். சின்னத் திரை வைத்த கையடக்கக் கருவியில் ஸ்லைடைச் செருகிப் பொத்தானை அமுக்கி ஜேபெக் எடுத்துக் கொடுத்தார்கள். உடனே கிடைத்தது, விலையும் குறைவு. ஆனால் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டிருந்தது. வானம் வெள்ளையாக வெந்துபோயிருந்தது. நிழல் பகுதிகளில் ஒன்றுமே இல்லை. அந்தக் கருவிகளின் இயல்பே அதுதான். உள்ளே இருப்பது சின்ன சென்சார், ஸ்லைடில் இருக்கும் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையிலான தூரத்தை அதனால் பிடிக்க முடியாது. வாட்ஸாப்பில் உறவினருக்கு அனுப்பப் போதும். ஒரிஜினல் அழிந்த பிறகு மிஞ்சப்போகும் ஒரே பிரதி இதுதான் என்று வைத்துக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

இரண்டாவது, பெருநகரம் ஒன்றில் ஸ்கேன் வேலையையே தொழிலாகச் செய்யும் இடம். ஃபிலிமுக்கென்றே செய்த நிக்கான் கூல்ஸ்கேன் ஸ்கேனர் வைத்திருந்தார்கள். அதன் தயாரிப்பை நிக்கான் நிறுத்திப் பல வருடம் ஆகியும் 4000 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 4000 புள்ளி) தரத்துக்கும் நிழல் பகுதிகளைத் துளைத்துப் படிக்கும் திறனுக்கும் இன்னும் அதைத்தான் தேடுகிறார்கள். எக்டாகுரோம் படங்கள் திரும்பி வந்தபோது நான் அசந்துபோனேன். பூசண இழை ஓடியிருந்த ஒரு பேச்சிப்பாறை படத்தில் இழையின் தடமே தெரியவில்லை. அணையின் கல்வரிசை அப்படியே இருந்தது. கோடாக்குரோமுக்கும் டிஜிட்டல் ஐஸை ஓட்டிவிட்டிருந்ததால் குளச்சல் கட்டுமரப் படத்தில் கயிறுகள் ஆங்காங்கே அறுந்து தெரிந்தன. கேட்டதும் அதை நிறுத்திவிட்டு மறுபடி செய்து கொடுத்தார்கள். நாம் கேட்கத் தெரிந்து கேட்டால்தான் இது நடக்கும்.

மூன்றாவது வீட்டில் கேமரா. 24 மெகாபிக்சல் கேமராவில் 6000 பிக்சல் அகலம். ஸ்லைடின் படம் 36 மில்லிமீட்டர் அகலம். கணக்குப் போட்டால் ஓர் அங்குலத்துக்கு 4200-க்குக் கொஞ்சம் மேல் வருகிறது. கூல்ஸ்கேன் தரும் கணக்கு ஏறத்தாழ இதேதான். கேமராவைக் கையில் பிடித்து எடுத்த ஸ்லைடுகளில் இதற்கு மேல் பிடிக்கப் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. ஆகவே ஸ்கேனர் பெட்டியின் மேல் 7200 டிபிஐ, 9600 டிபிஐ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. அதிலும் தட்டை ஸ்கேனர்களில் அச்சடித்த எண்ணுக்கும் உண்மையில் கிடைக்கும் நுணுக்கத்துக்கும் இடைவெளி பெரிது. எப்சன் வி600 மாதிரி ஒன்று 6400 என்று சொல்லும், நிஜத்தில் அதில் பாதிகூட வராது. நான்கு ஸ்லைடை ஒரே நேரம் வைக்கலாம், ஐஸ் வசதியும் உண்டு என்பதால் குடும்பப் படங்களுக்கு மோசமில்லை. ஆனால் ஒவ்வொரு நான்குக்கும் காத்துக் கிடக்க வேண்டும். கேமராவில் ஒரு ஸ்லைடுக்குச் சில நொடி.

வீட்டு வேலை எப்படி அமைந்தது

மிக அருகில் வைத்து எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ், தரமான எல்இடி தட்டு, கேமராவைக் கீழ்நோக்கிப் பிடிக்க ஒரு தாங்கி. தாங்கிக்குப் புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. மூடிப்போன ஸ்டுடியோ ஒன்றின் பழைய என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் கருவி) கிடைத்தது. அதன் தலையைக் கழற்றிவிட்டுக் கேமராவை மாட்டினோம். கனமான இரும்புத் தூண், ஆடவே ஆடாது. பழைய ஸ்டுடியோக்களின் பரணில் இவை இன்னும் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

விளக்கில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கு சிஆர்ஐ என்று ஓர் அளவு உண்டு. 95-க்கு மேல் இருக்க வேண்டும். மலிவு எல்இடியில் சில நிற அலைகள் குறைவாக இருக்கும், சிவப்பும் பூக்களின் ஊதாவும் சீரழியும், பிறகு கம்ப்யூட்டரில் எவ்வளவு இழுத்தாலும் திரும்பாது.

கேமராவும் ஸ்லைடும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நல்ல வழி: ஸ்லைடு வைக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடியை வையுங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் தெரிந்தால் மட்டம் சரி. ஃபோகஸைக் கையால்தான் வைக்க வேண்டும், படத்தின் மேல் அல்ல, ஃபிலிமின் துகள் மேல். கேமராவில் வைத்த அளவு எஃப்8, ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல் (கேமரா பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே வைப்பது). ஸ்லைடின் பளபளப்பான பக்கம் லென்ஸைப் பார்த்து இருந்தால் படம் இடம் வலம் மாறாமல் வரும். ராத்திரியில், விளக்கை அணைத்து, ஃபேனையும் நிறுத்திவிட்டு வேலை. ஃபேன் ஓடினால் தூசி பறக்கும். வியர்க்கும்தான், ஆனால் இந்த வேலையை மாசி பங்குனியில் வைத்துக்கொண்டால் காற்றில் ஈரம் குறைவு. ஐப்பசியில் ஸ்லைடு பெட்டியைத் திறக்காதீர்கள்.

வெள்ளைச் சமநிலையை (விளக்கின் நிறத்துக்கு ஏற்பக் கேமரா நிறத்தைத் திருத்தும் அளவு) தானியங்கியில் விடக் கூடாது என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வெறும் விளக்குத் தட்டை வைத்து ஒருமுறை அளந்து, அதே அளவில் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். கன்னியாகுமரியில் சூரியன் மறையும் படத்தைத் தானியங்கித் திருத்தத்தில் விட்டால், "மஞ்சள் கூடிவிட்டது" என்று முடிவுகட்டி வானத்தைச் சாம்பல் ஆக்கிவிடும். ஸ்டுடியோவில் இருந்து வந்த அந்தி வானம் மதிய வானமாக இருந்ததற்கு இதுதான் காரணம். செடிகளில் இன்னொரு சிக்கல். சில நீலப் பூக்கள் கண்ணுக்குத் தெரியாத தூரச்சிவப்பு ஒளியையும் சேர்த்துப் பிரதிபலிக்கும்; வண்ண ஃபிலிம் அதையும் பதிந்துகொண்டு பூவை இளஞ்சிவப்பாகக் காட்டும். அந்தப் பூவை மட்டும் பார்த்து நிறத்தைத் திருத்தினால் இலையின் பச்சை கெட்டுவிடும். இலையை வைத்துத் திருத்தி, பூவைப் பற்றிக் குறிப்பு எழுதிவைப்பதே முறை.

கேமராவின் பெரிய குறை அகச்சிவப்பு இல்லாததுதான். தூசியை முன்கூட்டியே ஊதுகுழாயால் ஊதி, மென்மையான தூரிகையால் தட்டிவிட வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் துளி படும், அதுவே அடுத்த பூசணத்துக்கு விதை. பூசணம் ஓடிய ஸ்லைடைக் கேமராவில் எடுத்தால் ஒவ்வொரு இழையையும் கையால் அழிக்க வேண்டிவரும், அது முடிகிற காரியம் இல்லை.

பெரியம்மாவின் பங்கு

இவ்வளவு தூரம் வந்தபிறகுதான் எனக்கு ஒன்று தெளிவானது. ஸ்கேன் செய்வது இந்த வேலையில் சின்னப் பகுதி. படத்தில் இருப்பது யார், எந்த ஊர், எந்த வருடம் என்று எழுதுவதுதான் பெரும்பகுதி. அதை எந்தக் கம்பெனியும் செய்து தர முடியாது. எங்கள் வீட்டில் அதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான், அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

அதனால் தரம் பற்றிய கவலையைத் தள்ளிவைத்து, எல்லா ஸ்லைடையும் முதலில் கேமராவில் வேகமாக எடுத்து முடித்தோம். பிறகு டிவியில் போட்டுப் பெரியம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, பேசுவதை ஃபோனில் பதிவு செய்தோம். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் தூரத்தில் நிற்கிற நாலு பேரில் ஒருவரைச் சேலையை வைத்தே கண்டுபிடித்தார்: "இது நம்ம மைனி. அந்தச் சேல நாந்தான் குடுத்தேன்." முகமே தெரியாத படம் அது. சென்னைக்கு அனுப்பியிருந்தால் அழகான ஃபைலாகத் திரும்பி வந்திருக்கும், மைனி வந்திருக்கமாட்டார்.

வருடம் கண்டுபிடிக்க ஊரே உதவியது. தொட்டிப்பாலம் 1966-இல் கட்டியது, ஆகவே அந்தப் படங்கள் அதற்குப் பிறகு. கன்னியாகுமரிப் பாறையில் விவேகானந்தர் மண்டபம் பாதி எழும்பிய நிலையில் ஒரு படம். மண்டபம் திறந்தது 1970, அதற்கு முந்தையது. ரயில் தெரிகிற நாகர்கோவில் படங்கள் 1979-க்குப் பிந்தையவை, ஏனென்றால் எங்கள் மாவட்டத்துக்கு ரயில் வந்ததே அந்த வருடம்தான். விவேகானந்தர் மண்டபத்துக்குப் பக்கத்துப் பாறை எல்லாப் படத்திலும் வெறுமையாக இருக்கிறது; வள்ளுவர் சிலை 2000 ஜனவரி முதல் தேதிதான் திறந்தார்கள். கோடாக் அட்டைகளில் மாதமும் வருடமும் குத்தியிருக்கும், அது ஃபிலிம் கழுவிய தேதி. எடுத்த தேதி அதற்குச் சில மாதம் முன்னால்கூட இருக்கலாம்.

சட்டத்தின் மேல் பெரியப்பா பென்சிலில் எழுதியிருந்ததையும் தனியாகப் படம் எடுத்தோம். "முட்டம்", "கீரிப்பாறை", சில செடிகளின் லத்தீன் பெயர்கள். வெளியே கொடுக்கும்போது இதைக் கேட்டு வாங்காவிட்டால் யாரும் செய்வதில்லை. சில இடங்களில் வரிசையையே கலைத்துவிடுவார்கள். ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் பென்சிலால் எண் போட்டு, அதே எண்ணை ஃபைல் பெயராக வைத்து, விவரத்தைத் தமிழிலேயே ஃபைலுக்குள் எழுதிவைத்தோம். படம் எங்கே போனாலும் விவரம் கூடவே போகும்.

எதை அனுப்பினோம்

பெயர் எழுதி முடிந்ததும் வெளியே கொடுக்க வேண்டியவை தாமே பிரிந்து நின்றன. பூசணமும் கீறலும் உள்ள எக்டாகுரோம், ஓர்வோவில் முக்கியமானவை, மிகவும் இருண்டு கேமராவுக்குப் பிடிபடாதவை, பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்ட நினைத்தவை. நல்ல நிலையில் இருந்த கோடாக்குரோம் வீட்டிலேயே நின்றது, ஏனென்றால் ஐஸ் வசதி அதற்குப் பயன்படாத நிலையில் கூல்ஸ்கேனுக்கும் எங்கள் கேமராவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரே மாதிரிச் செடியை ஐந்து தடவை எடுத்ததில் ஒன்றே போதும் என்று விட்டவையும் ஏராளம்.

செலவுக் கணக்கை இப்படிப் பாருங்கள். ஒரு ஸ்லைடுக்கு 50 ரூபாய் என்று வைத்தால் ஆயிரத்துக்கு 50,000. தெரிந்தெடுத்த இருநூறுக்கு 10,000. கேமரா ஏற்கெனவே இருக்கிற வீட்டில் மேக்ரோ லென்ஸும் விளக்கும் வாங்கினாலும், வேலை முடிந்தபின் அவற்றை விற்றுவிடலாம். கேமரா இல்லை, ஸ்லைடும் நூறுக்குள் என்றால் நேரே நல்ல இடத்தில் கொடுப்பதே சரி. பெயர் எழுதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை: என்ன ஸ்கேனர், 16 பிட் டிஃப் ஃபைல் (நிற விவரம் குறையாமல் வைக்கும் பெரிய ஃபைல்) தருவார்களா, கோடாக்குரோமுக்கு ஐஸை நிறுத்துவார்களா, வரிசை எண் மாறாமல் வருமா, வேலை அவர்கள் இடத்திலேயே நடக்குமா அல்லது வேறு ஊருக்குப் போகுமா. முதலில் ஒரு கைப்பிடி மட்டும் கொடுத்து முடிவைப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். முடிந்தால் கையிலேயே கொண்டு போய்க் கொடுத்து வாங்குங்கள். நாங்கள் கூரியரை நம்பவில்லை. உறவினர் ஒருவர் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுபோனார். கேமராவில் எடுத்த பிரதி ஏற்கெனவே கையில் இருந்ததால் அந்தப் பயணத்தில் பயம் குறைவாக இருந்தது.

4000 டிபிஐயில் 16 பிட் டிஃப் ஒன்று கிட்டத்தட்ட 128 எம்பி வரும். இருநூறு என்றால் 25 ஜிபிக்கு மேல். இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி வீதம், ஒன்று தக்கலையில், ஒன்று பெங்களூரில் தங்கை வீட்டில். மூன்றாவது ஆன்லைனில்.

ஒரிஜினல்களை எறியவில்லை. பாலிபுரோப்பிலீன் உறைகளில் போட்டு, உள்சுவர் ஓரம் நிற்கும் இரும்பு பீரோவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறோம். கடையில் மலிவாகக் கிடைக்கும் பிவிசி உறை வேண்டாம். நாளாவட்டத்தில் அது கசிந்து ஃபிலிமில் ஒட்டும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் மெல்லச் சூடாக்கி உலர்த்தி மறுபடி வைக்கிறார் பெரியம்மா. கண்ணாடிச் சட்டத்து ஸ்லைடுகள் இன்னும் பாக்கி. அவற்றைப் பிரித்து ஃபிலிமை வெளியே எடுக்க வேண்டும். கண்ணாடியோடு எடுத்தால் வானவில் வளையங்கள் விழுகின்றன. தை பிறந்ததும் அதைத் தொடங்கலாம் என்றிருக்கிறோம். பெயர் தெரியாத மலைச்செடிகள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன, பெரியப்பாவிடம் படித்த ஆசிரியர் ஒருவர் அவற்றைப் பார்த்துச் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்.